ஜெயித்தவர்கள் எங்கே போனார்கள்?

ஐசக் மர்ஃபி... அமெரிக்க ரேஸ் மைதானத்தின் முதல் சூப்பர் ஸ்டார். அவரோடு ஒரு தலைமுறையே காணாமல் போன கதை!

1890 ஜூன் 25. நியூயார்க்கின் தெற்கு ஓரத்தில், கடற்காற்று வீசும் ஷீப்ஸ்ஹெட் பே ரேஸ் மைதானம். கூட்டம் நெரிகிறது. ஆனால் ஓடப்போவது இரண்டே குதிரைகள்.

ஒன்று, செந்நிறச் சால்வேட்டர். இன்னொன்று, முதுகு சற்றே குழிந்த டென்னி. போன வாரம் நடந்த சபர்பன் ஹேண்டிகேப் ரேஸில் சால்வேட்டரிடம் தோற்றதை டென்னியின் முதலாளியால் ஜீரணிக்க முடியவில்லை. தனியாக மோதிப் பார்க்கலாம், ஆளுக்கு 5,000 டாலர் என்று சவால் விட்டுவிட்டார். சால்வேட்டரின் முதலாளி ஹேகின் பெரும் பணக்காரர். தயங்காமல் சரி என்றார்.

டென்னி மேல் 'ஸ்னாப்பர்' கேரிசன். வெள்ளைக்காரர். கடைசி நேரத்தில் பின்னாலிருந்து பாய்ந்து வந்து பறித்துக்கொண்டு போவதில் கெட்டிக்காரர். அப்படி வரும் முடிவுகளுக்கு 'கேரிசன் ஃபினிஷ்' என்றே பெயர் வந்துவிட்டது. சால்வேட்டர் மேல் ஐசக் மர்ஃபி. கென்டக்கியைச் சேர்ந்த கறுப்பினத்தவர். வயது 29.

பத்து ஃபர்லாங் ஓட்டம். சால்வேட்டர் முன்னால் போய்விட்டது. கடைசித் திருப்பம் தாண்டியதும் கேரிசன் தன் வேலையை ஆரம்பிக்கிறார். குதிரையின் பிடரிமேல் கவிழ்ந்துகொண்டு சவுக்கால் விளாச, டென்னி பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் இடைவெளியைக் குறைக்கிறது. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. மர்ஃபியின் முதுகு மட்டும் வளையவில்லை. கடிவாளத்தைப் பிடித்த கைகள் மெல்ல முன்னும் பின்னும் போய்வருகின்றன. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வின்னிங் போஸ்ட்டைத் தாண்டும்போது இரண்டு குதிரைகளுக்கும் நடுவே ஒரு தலை நீளம்கூட இல்லை. ஜெயித்தது சால்வேட்டர். நேரம் 2 நிமிடம் 5 விநாடி. அந்தத் தூரத்தை அவ்வளவு வேகத்தில் அதுவரை அமெரிக்காவில் எந்தக் குதிரையும் ஓடியதில்லை.

அந்தக் கணத்தை ஹெமென்ட் என்ற புகைப்படக்காரர் படம் பிடித்திருக்கிறார். இன்றும் பார்க்கலாம். ஒருவர் குதிரையோடு ஒட்டிக் குனிந்திருக்கிறார். இன்னொருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்திருப்பவர்தான் மர்ஃபி.

சரியாக இரண்டு மாதம் கழித்து, அதே மர்ஃபி ஒரு ரேஸ் முடிந்ததும் குதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். குடிகாரன் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கடுத்த இருபது வருடங்களுக்குள் அமெரிக்காவின் பெரிய ரேஸ்களில் கறுப்பின ஜாக்கிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

இப்போது எதற்கு இந்தக் கதை?

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து, ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட ரேஸ் பற்றிப் பேசுகிறார்கள். நிலத்தின் மதிப்பு என்ன, வாடகை பாக்கி எவ்வளவு, பூங்கா வருமா, வெள்ளநீர் தேங்க குளம் வெட்டுவார்களா... எல்லாம் பேச்சில் வருகிறது. குதிரை மேல் உட்கார்ந்திருந்த ஆள் மட்டும் வருவதில்லை. உலகம் முழுக்க இதே கதைதான். முதலாளி பெயர் கோப்பையில் இருக்கும், குதிரை பெயர் சரித்திரத்தில் இருக்கும், ஜாக்கியின் பெயர் மறுநாள் பேப்பரோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

மர்ஃபியின் கதை அதைவிட மோசம். அவரை யாரும் தற்செயலாக மறக்கவில்லை.

லாயத்தில் பிறந்த தொழில்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிமை முறை இருந்த காலத்தில், தென் மாநிலப் பண்ணைகளில் குதிரைகளைக் குளிப்பாட்டியது, தீனி போட்டது, பழக்கியது, ரேஸில் ஓட்டியது எல்லாமே கறுப்பின அடிமைகள். கௌரவமான வேலையாக யாரும் நினைக்காததால் அவர்களிடம் விட்டிருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது, அந்த லாயங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஞானம் அவர்களிடமே இருந்தது. கூலி மட்டும் புதிதாக வந்தது.

1875ல், அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பி முதன்முறையாக நடந்தபோது 15 குதிரைகள் ஓடின. ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். ஜெயித்த அரிஸ்டைடிஸ் மேல் இருந்தவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். அதன் பயிற்சியாளர் ஆன்சல் வில்லியம்சன், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்.

அதே வருடம்தான் 14 வயதுச் சிறுவன் ஐசக் முதன்முதலாக ரேஸ் குதிரை ஏறினான். அப்பா, அடிமை முறைக்கு எதிராகப் போரிட்ட வடக்குப் படையில் சேர்ந்து, போர்க் காலத்திலேயே இறந்துபோனவர். அம்மா அமெரிக்கா (பெயரே அதுதான்) லெக்சிங்டன் நகரில் துணி வெளுத்துப் பிழைத்தார். அவர் துணி வெளுத்த வீட்டுக்காரருக்கு ரேஸ் குதிரைகளில் பங்கு இருந்தது. பையன் ஒல்லி, குள்ளம், எடை 32 கிலோ சொச்சம். லாயத்தில் சேர்த்துவிட்டார்கள். ஈலை ஜோர்டன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் விடியற்காலையில் குதிரை ஏற்றிப் பழக்கினார். தந்தை வழியில் அவன் பெயர் ஐசக் பர்ன்ஸ். ஜாக்கியானபோது தாத்தா கிரீன் மர்ஃபியின் பெயரைச் சூட்டிக்கொண்டான்.

தலைக்குள் ஒரு கடிகாரம்

மர்ஃபியை மற்றவர்களிடமிருந்து பிரித்தது வேகக் கணக்கு. இந்தக் குதிரை இந்த ஃபர்லாங்கை எத்தனை விநாடியில் ஓடுகிறது, கடைசி ஓட்டத்துக்கு இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கணிப்பார். தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் குதிரையை விரட்ட மாட்டார். தலை நீளத்தில் ஜெயித்தால் போதும் என்றால் தலை நீளத்தில்தான் ஜெயிப்பார். பந்தயம் கட்டியவர்களுக்கு மாரடைப்பு வராத குறை. சவுக்கை அபூர்வமாகத்தான் எடுப்பார்.

1884 டெர்பியில் அவருக்குக் கிடைத்தது புக்கனன் என்ற முரட்டுக் குதிரை. கொஞ்ச நாளைக்கு முன்புதான் கட்டுக்கு அடங்காமல் மிரண்டு ஓடியது. அதில் ஏற மாட்டேன் என்று மர்ஃபி மறுத்ததாகவும், ஏறாவிட்டால் தடை விழும் என்று ஸ்டூவர்டுகள் (ரேஸைக் கண்காணிக்கும் அதிகாரிகள்) மிரட்டியதாகவும் சொல்வார்கள். ஏறினார், ஜெயித்தார். புக்கனனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் வெற்றி. அதே கூட்டத்தொடரில் கென்டக்கி ஓக்ஸ், கிளார்க் ஹேண்டிகேப் இரண்டையும் சேர்த்து அள்ளினார்.

1890ல் ரைலி மேல் இரண்டாவது டெர்பி. 1891ல் கிங்மேன் மேல் மூன்றாவது. இந்த மூன்றாவதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. டெர்பி வரலாற்றிலேயே இதைவிடக் கேலிக்கூத்தான ரேஸ் கிடையாது.

நாலே குதிரைகள். முன்னால் போய் மூச்சைத் தொலைக்காதே, மற்றவன் பின்னாலேயே இரு என்று நாலு ஜாக்கிகளுக்கும் ஒரே உத்தரவு. நாலு பேரும் கீழ்ப்படிந்தால் என்ன ஆகும்? யாருமே முன்னால் போகவில்லை. நாலு குதிரைகளும் பக்கத்துப் பக்கத்தில், கல்யாண ஊர்வலம்போல, ஆடி அசைந்து வந்தன. கூட்டம் கூச்சல் போட்டது. கடைசி நேரத்தில் ஒருவழியாக ரேஸ் என்று ஒன்று ஆரம்பித்தது. கிங்மேன் ஜெயித்தது. ஒன்றரை மைலுக்கு 2 நிமிடம் 52 விநாடி! டெர்பியில் அவ்வளவு மெதுவாக யாரும் ஜெயித்ததில்லை. யார் முதலில் பொறுமை இழப்பது என்ற போட்டியில் மர்ஃபியை யாரால் மிஞ்ச முடியும்?

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற ரேஸ் இல்லை இது. கிங்மேனின் பயிற்சியாளரும் பங்குதாரரும் டட்லி ஆலன். அவரும் கறுப்பினத்தவர். முதலாளி இடத்தில் ஒரு கறுப்பினத்தவர், சேணத்தில் ஒரு கறுப்பினத்தவர். அந்தக் கட்டத்தில் அவர்கள் லாயத்திலிருந்து முதலாளிகள் அமரும் மாடம் வரை வந்துவிட்டார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது என்பேன்.

---

■ எண்களில் மர்ஃபி

பிறப்பு: 1861, கென்டக்கி. இறப்பு: 1896 பிப்ரவரி 12, லெக்சிங்டன்.

கென்டக்கி டெர்பி வெற்றிகள்: 1884, 1890, 1891. மூன்று முறை ஜெயித்த முதல் ஜாக்கி. தொடர்ந்து இரண்டு வருடம் ஜெயித்த முதல் ஜாக்கியும் அவரே. மூன்று என்ற எண்ணை 1930ல்தான் ஏர்ல் சாண்டே எட்டினார். 1948ல் எடி ஆர்கரோ தாண்டினார்.

சிகாகோவின் அமெரிக்கன் டெர்பி: 1884, 1885, 1886, 1888. அன்றைக்குக் கென்டக்கி டெர்பியைவிடப் பரிசுப் பணம் அதிகம் உள்ள ரேஸ்.

வெற்றி விகிதம்: மர்ஃபியே சொன்ன கணக்கு, 1,412 ரேஸில் 628 வெற்றி, 44 சதவிகிதம். பிற்காலத்தில் பழைய ஏடுகளைப் புரட்டி உறுதிசெய்தது, 1,538 ரேஸில் 530 வெற்றி, 34 சதவிகிதம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், இன்றைய முன்னணி ஜாக்கி ஒருவர் நான்கில் ஒன்றை ஜெயித்தாலே கொண்டாடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

---

பத்தாயிரம் டாலர் ஜாக்கி

'லக்கி' பால்ட்வின் என்ற கலிஃபோர்னியக் கோடீஸ்வரர், தன் குதிரைகளை ஓட்ட மர்ஃபிக்கு வருடத்துக்கு 10,000 டாலர் கொடுத்தார். மற்ற வருமானமும் சேர்ந்து நல்ல வருடங்களில் 15,000 டாலரைத் தாண்டியது. அன்றைய அமெரிக்காவில் எந்த நிறத்து விளையாட்டு வீரருக்கும் அது பெரிய சம்பாத்தியம். லெக்சிங்டன் கிழக்கு மூன்றாவது தெருவில், ரேஸ் மைதானம் கண்ணில் படுகிற மாதிரி பெரிய வீடு வாங்கினார். மனைவி லூசியோடு விருந்துகள் கொடுத்தார். நன்றாக உடுத்துவார், மெல்லப் பேசுவார். விலைக்கு வாங்க முடியாதவர் என்ற பெயர் வேறு. 1879ல் சரடோகாவில் ஃபால்செட்டோ என்ற குதிரையைத் தோற்க வைக்கச் சூதாடிகள் பெரிய தொகை பேசியதாகவும், மர்ஃபி மசியவில்லை என்றும் ரேஸ் வட்டாரம் பேசியது. ஃபால்செட்டோ ஜெயித்தது என்பது மட்டும் ஏட்டில் இருக்கிறது.

பத்திரிகைகள் அவரை 'கறுப்பு ஆர்ச்சர்' என்று புகழ்ந்தன. ஃபிரெட் ஆர்ச்சர், இங்கிலாந்தின் மாபெரும் ஜாக்கி. புகழ்ச்சிதான். ஆனாலும் கென்டக்கிக்காரரை அளக்க இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் படியைக் கொண்டுவர வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஆர்ச்சருக்கும் மர்ஃபிக்கும் உண்மையிலேயே பொதுவாக இருந்தது பட்டினி. இருவருக்கும் உடம்பு ஏறிக்கொண்டே போனது. குளிர்காலத்தில் மர்ஃபியின் எடை 60 கிலோவைத் தாண்டிவிடும். ரேஸ் சீசன் தொடங்குவதற்குள் 50 கிலோ பக்கம் இறக்கியாக வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து, கனத்த உடைகளை மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து, வியர்வையாக உடம்பை உருக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் இதே சித்திரவதை. ஆர்ச்சர் பட்டினியும் காய்ச்சலுமாக நொந்து, 1886ல் 29 வயதில் தன்னையே சுட்டுக்கொண்டார்.

அந்த ஆகஸ்ட் மாலை

1890 ஆகஸ்ட் 26. நியூஜெர்ஸியின் மான்மவுத் பார்க். ஹேகினின் ஃபிரென்ஸி என்ற பெண் குதிரை மேல் மர்ஃபி. ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டிய குதிரை. ரேஸ் ஆரம்பத்திலிருந்தே மர்ஃபி சேணத்தில் தள்ளாடினார். ஃபிரென்ஸி கடைசியாக வந்தது. முடிந்ததும் கீழே சரிந்தார்.

பட்டினியால் மயக்கமா? யாராவது எதையாவது கலந்து கொடுத்தார்களா? தனக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்றே மர்ஃபி கடைசிவரை நம்பினார். அன்று மைதானத்தில் விசாரித்தவர்கள் அவ்வளவு யோசிக்கவில்லை. குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி, ரேஸில் ஏறத் தடை போட்டார்கள். பத்திரிகைகள் அதையே அச்சடித்தன. இரண்டு மாதம் முன்பு கொண்டாடிய அதே பத்திரிகைகள்.

ஒரு ஜாக்கி ஒரு ரேஸில் சரிந்தால் அது அவருடைய பிரச்சினை. கறுப்பின ஜாக்கி சரிந்தபோது அது இனத்தின் குணமாகிவிட்டது. மறு வருடம் டெர்பியை ஜெயித்துக் காட்டியும் அந்தக் கறை போகவில்லை. நல்ல குதிரைகள் அவரைத் தேடி வருவது குறைந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1895 வரை எப்படியோ ஓட்டினார். 1896 பிப்ரவரியில் நிமோனியா கொண்டுபோனது. வயது 35. இறுதி ஊர்வலத்துக்கு 500 பேருக்கு மேல் வந்தார்கள்.

அவர் இறந்து மூன்று மாதத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பு சொன்னது. இனவாரியாகத் தனித்தனி ஏற்பாடு செய்வது சட்டப்படி சரி என்றது. அதற்கு நாலு வருடம் முன்பே கென்டக்கி மாநிலம் ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டிருந்தது. மூன்று டெர்பி ஜெயித்தவருக்கும் சட்டம் அதே பெட்டியைத்தான் காட்டியது.

வேலி ஓரம் நெருக்கு!

விரட்டல் எப்படி நடந்தது? சட்டம் போட்டு இல்லை. 'கறுப்பின ஜாக்கிகள் ரேஸில் ஏறக் கூடாது' என்று எந்த விதிப்புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அதனால்தான் யார் மேலும் வழக்குப் போட முடியவில்லை.

1900 கோடையில் நியூயார்க் மைதானங்களில் வெள்ளைக்கார ஜாக்கிகள் கூட்டணி சேர்ந்துவிட்டார்கள் என்று அன்றைய நாளிதழ்களே எழுதின. ரேஸ் ஓடும்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்து கறுப்பின ஜாக்கியின் குதிரையை உள்வேலியோடு வைத்து நெருக்குவார்கள். கால் வேலியில் அரையும். குதிரைக்கு விழ வேண்டிய சவுக்கடி ஜாக்கியின் மேல் விழும். முன்னால் போக வழி கிடைக்காது. ஸ்டூவர்டுகளின் தொலைநோக்கிகள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்கும்.

முதலாளி என்ன செய்வார்? அவருக்கு ஜாக்கி மேல் பகை இல்லை. ஆனால் குதிரை விலை உயர்ந்தது. கறுப்பின ஜாக்கியை ஏற்றினால் குதிரைக்கு அடிபடும், பந்தயப் பணம் போகும். அடுத்த ரேஸுக்கு வெள்ளைக்காரரை ஏற்றிவிடுவார். யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

1894ல் நியூயார்க்கில் ஜாக்கி கிளப் உருவாகி, உரிமம் கொடுக்கும் அதிகாரம் சில பணக்காரர்களின் கைக்குப் போயிருந்தது. பிறகு பந்தயம் கட்டுவதற்கு எதிரான சட்டங்கள் வந்தன. 1911, 1912ல் நியூயார்க் மைதானங்கள் பூட்டியே கிடந்தன. மைதானம் குறைந்தால் வேலை குறையும். வேலை குறைந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பது தெரிந்ததே.

அடிமைத் தொழிலாக இருந்தவரை அது அவர்களுடையது. சம்பளம், புகழ், பத்திரிகைப் படம் என்று வந்த பிறகு அது பிறருடையது. தமிழ் வாசகருக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

முதல் 28 கென்டக்கி டெர்பிகளில் 15ஐ ஜெயித்தவர்கள் கறுப்பின ஜாக்கிகள். 1902க்குப் பிறகு இன்றுவரை ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. ஜெயிப்பது இருக்கட்டும், 1921க்குப் பிறகு 2000ல் மார்லன் செயின்ட் ஜூலியன் ஏறும்வரை, டெர்பி வரிசையில் கறுப்பின அமெரிக்க ஜாக்கி ஒருவர் நிற்கவே இல்லை. 79 வருடங்கள்!

சிதறியவர்கள்

1892 டெர்பியை 15 வயதில் ஜெயித்தவன் அலான்ஸோ கிளேட்டன். நாற்பதைத் தொடும் வயதில் கலிஃபோர்னியாவில் ஓட்டல் ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். 1917ல் காசநோயால் இறந்தார்.

1907 ஜூனில் ஜிம்மி லீ, டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் ஒரே நாளில் ஆறு ரேஸில் ஏறி, ஆறையும் ஜெயித்தார். அன்று மைதானத்தில் நடந்ததே ஆறு ரேஸ்தான். இருந்தும் கதவு அவருக்காகத் திறந்திருக்கவில்லை.

வில்லி சிம்ஸ் கதை இன்னும் எரிச்சலூட்டும். 1895ல் இங்கிலாந்து போனவர், அங்கவடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குதிரையின் கழுத்தோரம் குனிந்து ஓட்டினார். ஆங்கிலேயர்கள் சிரித்தார்கள். ஓரிரு வருடத்தில் டாட் ஸ்லோன் என்ற வெள்ளைக்கார அமெரிக்கர் வந்து அதே மாதிரி ஓட்டி ரேஸ்களை அள்ளினார். உலகம் முழுக்க இன்று எல்லா ஜாக்கிகளும் ஓட்டுவது அப்படித்தான். அதைக் கொண்டுவந்தவர் என்ற பெயர் நெடுங்காலம் ஸ்லோனுக்கே இருந்தது. சிம்ஸ் சும்மா ஆளில்லை. 1896, 1898 இரண்டு டெர்பிகளை ஜெயித்தவர்.

ஜிம்மி விங்க்ஃபீல்டு. 1901, 1902 டெர்பிகள் இவருடையவை. டெர்பி ஜெயித்த கடைசிக் கறுப்பின ஜாக்கி. ஊரில் வழி அடைபடுவது தெரிந்ததும் 1904ல் ரஷ்யாவுக்குக் கப்பலேறினார். ஜார் மன்னர் காலத்து ரஷ்யாவில் பெரிய ரேஸ்கள் பலவற்றை ஜெயித்துப் பணக்காரரானார். புரட்சி வந்தது. 1919ல் ஒடெஸாவிலிருந்து 200க்கும் மேற்பட்ட ரேஸ் குதிரைகளை ஓட்டிக்கொண்டு, ஒரு சிறு கூட்டத்தோடு போலந்து வரை போய்ச் சேர்ந்தார். நடுவழியில் பசி தாங்காமல் சில குதிரைகளையே தின்ன வேண்டியிருந்தது. பிறகு பிரான்ஸ். பாரீஸ் அருகே சொந்த லாயம். ஏன் இதை இன்னும் யாரும் முழுநீளப் படமாக எடுக்கவில்லை என்று கேட்காதவர்கள் கிடையாது.

1961ல், எண்பது வயதை நெருங்கியபோது, ரேஸ் எழுத்தாளர்களின் விருந்துக்கு அவரை டெர்பி நடக்கும் லூயிவில் நகருக்கு அழைத்தார்கள். பிரவுன் ஓட்டல். முன்வாசலில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். கறுப்பினத்தவர் இந்த வழியாக வர முடியாது என்றார்கள். அழைப்பு இருக்கிறது என்று விளக்கி, காத்திருந்து, பிறகுதான் உள்ளே போனார். உள்ளேயும் பெரும்பாலானோர் முகம் கொடுக்கவில்லை. பழைய டெர்பி ஜாக்கி ராஸ்கோ கூஸ் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினார். 1913ல் ஜெயித்தவர். வெள்ளைக்காரர்.

---

■ சென்னையின் 1896

மர்ஃபி இறந்த அதே 1896ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடங்கியது. நூறு வருடம் கழித்து, 1996 ஜனவரியில், அந்த கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் (டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு) இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகம், அதற்குக் கொடுத்த பயிற்சி, ஜாக்கியின் கலை ஆகியவற்றையே நீதிபதிகள் காரணமாகச் சொன்னார்கள். இன்றைய ஆன்லைன் ரம்மி வழக்குகள் வரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

---

புல்வெளியில் ஒரு பொம்மை

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் முன்பு, புல்வெளியில் ஒரு சின்ன வார்ப்பு பொம்மையை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஜாக்கி உடுப்பு, தொப்பி, விளக்கோ வளையமோ ஏந்தி நீட்டிய கை, கறுப்புச் சாயம் பூசிய முகம். நிஜமான கறுப்பின ஜாக்கிகள் மைதானத்திலிருந்து மறைந்த பிறகும் அந்தப் பொம்மைகள் தெருத்தெருவாக நின்றன. மர்ஃபி யார் என்று தெரியாதவர்கள்கூட அந்தப் பொம்மையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனார்கள். பிற்காலத்தில் கூச்சப்பட்டு, முகத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. பொம்மையிலும் அதே ஆள்மாற்றம்!

ஜாக்கியோடு முடிந்துபோகவில்லை இழப்பு. ஈலை ஜோர்டன் மாதிரி ஒரு பயிற்சியாளர் இருந்தால்தான் 14 வயது ஐசக்குக்குக் குதிரை கிடைக்கும். டட்லி ஆலன் மாதிரி ஒரு பங்குதாரர் இருந்தால்தான் பெயர் கெட்ட மர்ஃபிக்கு மறு வருடம் டெர்பியில் இடம் கிடைக்கும். அந்தச் சங்கிலி அறுந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் வட மாநிலத் தொழிற்சாலைகளுக்கு ரயிலேறினார்கள். குதிரை வாடையே தெரியாமல் வளர்ந்த பேரனிடம் போய், 'உன் தாத்தா ஜாக்கி, நீயும் வா' என்றால் வருவானா?

இன்று கென்டக்கி லாயங்களில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணம் அள்ளி, குதிரை குளிப்பாட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் மெக்ஸிகோ, குவாதமாலா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். முன்னணி ஜாக்கிகளிலும் லத்தீன் அமெரிக்கர்கள் அதிகம். லாயத்தின் வேலையைச் செய்கிறவர்களிலிருந்துதான் ஜாக்கிகள் வருவார்கள் என்ற பழைய கணக்கு மாறவில்லை. ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

யார் பக்கத்தில் யார்?

மர்ஃபியை லெக்சிங்டனில் கறுப்பினத்தவருக்கான 'ஆப்பிரிக்கன் சிமெட்ரி நம்பர் 2' கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். வைத்த மரக்குறி உளுத்துப்போனது. புதர் மண்டியது. 1955ல் சரடோகாவின் தேசிய ரேஸ் அருங்காட்சியகம் மாபெரும் ஜாக்கிகளின் முதல் பட்டியலை வெளியிட்டபோது மர்ஃபியின் பெயர் அதில் இருந்தது. அந்த மனிதர் எங்கே புதைந்திருக்கிறார் என்று மட்டும் பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியாது.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் போரீஸ் என்பவர் மூன்று வருடம் தேடி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். 1967ல் மர்ஃபியின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற குதிரையின் சமாதி அருகே மறுபடி அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அந்தக் குதிரையோடு சேர்த்து, கென்டக்கி ஹார்ஸ் பார்க் என்ற சுற்றுலாப் பூங்காவின் வாசலருகே கொண்டுபோனார்கள்.

மரியாதை செய்யும் எண்ணத்தில்தான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மேன் ஓ வார் பிறந்தது 1917ல். மர்ஃபி இறந்து 21 வருடம் கழித்து. அவர் தொட்டுக்கூடப் பார்க்காத குதிரை. அதில் ஏறும் வாய்ப்பே கறுப்பின ஜாக்கிகளுக்குக் கிடைக்காத காலத்தின் குதிரை. மூன்று டெர்பி ஜெயித்தவருக்கு ஒரு சமாதி போதுமான அடையாளம் இல்லை, பக்கத்தில் ஒரு பிரபலமான குதிரை வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்து, அங்கேயே நல்ல கல் ஒன்றை நட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், பொருத்தமாகவும் இருந்திருக்கும். மனைவி லூசியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள் என்பது கூடுதல் கொடுமை.

ஊர்க்காரர்கள் பின்னாளில் ஓரளவு திருத்திக்கொண்டார்கள். கிழக்கு மூன்றாவது தெருவில் அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது மர்ஃபி பெயரில் ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தையும் உள்ளூர்க் குழு ஒன்று சீர்செய்து, அங்கே கிடக்கும் குதிரைக்காரர்கள், பயிற்சியாளர்கள், ஜாக்கிகளின் பெயர்களைத் தேடித் தொகுத்துவருகிறது. டெர்பி பார்க்க லூயிவில் போகும் நம்மவர்கள் இப்போது நிறைய. அங்கிருந்து லெக்சிங்டன் சுமார் 125 கிலோமீட்டர். பூங்காவுக்குப் போகும் வழி எல்லாப் பலகையிலும் இருக்கும். கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கு ஏழாவது தெரு என்று கேட்டுப் போக வேண்டும். முதல் டெர்பியை ஜெயித்த ஆலிவர் லூயிஸ் அங்கேதான் இருக்கிறார். 1895ல் டெர்பியை 15 வயதில் ஜெயித்த 'சூப்' பெர்கின்ஸும் அங்கேதான்.